நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை

எழுபதுகளின் கடைசியில், பழங்காநத்தத்து வீட்டில் நான் சுக்குப் பற்றும் தலையில் இறுக்கிய துணியுமாகக் கிடந்தபோது, என் தலைவலிக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எண்ணெய் தேய்க்கவில்லை, கண்ணாடி போடவில்லை, வெயிலில் அலைகிறேன். மண்டையைச் சுவரில் முட்டி உடைத்துக்கொண்டால் தேவலை என்று எனக்குத் தோன்றும். மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாவதற்கு முன்னால்தான் அந்த வலி வருகிறது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

குலசாமி கும்பிடு வந்தால் இன்னும் மோசம். மூத்த மருமகள் நான்தான் பொங்கல் வைக்க வேண்டும். தீட்டு வந்துவிடக் கூடாதென்று மாமியார் கருத்தடை மாத்திரையை வாங்கிவந்து கையில் கொடுப்பார். நாள் தள்ளிப்போகும். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒருமுறை அதைச் சாப்பிட்டுவந்தபோது கண்ணெதிரே வெளிச்சம் நெளிந்தது. வலது கை மரத்துப்போய்க் கரண்டி நழுவி விழுந்தது. செத்துவிடுவேன் என்று பயந்தேன்.

கணவர் சிம்மக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். "மாசத்துல எந்த நாள்ல வருது?" என்று முதலில் கேட்டவர் அவர்தான். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது.

"விலக்குக்கு முந்தி ஒடம்புல ஹார்மோன் சட்டுனு எறங்கும். சிலருக்கு அது தலைவலியாத் தாக்கும். ஆரம்பிக்கும்போதே வலி மாத்திரை போட்டுரும்மா. பட்டினி கெடக்காத, நல்லாத் தூங்கு. ஆனா தள்ளிப்போடுற மாத்திரைய இனிமே தொடாத. கை மரத்துப்போற ஆளுக்கு அது ஆபத்து."

அடுத்த கும்பிடு நெருங்கியது. மாமியார் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றார்.

"வேணாம் அத்தை. டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்க."

"ஒனக்காகச் சாமியத் தள்ளிப்போட முடியுமா?"

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரை வாங்கித் தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன். மாமியார் கொழுந்தன் மனைவியைக் கூப்பிட்டார். நான் இல்லையென்றால் பொங்கல் அவள் வைக்க வேண்டும். அவளுக்கும் நாள் நெருங்கியிருந்தது.

"அவளுக்கும் வேணாம் அத்தை."

"அவளுக்கு ஏது தலவலி? எம்புட்டு தெடமா இருக்கா பாரு."

அன்றிலிருந்து தினமும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினாள்.

கும்பிடு அன்று எனக்குத் தூரமாகிவிட்டது. என்னை விட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பிய கொழுந்தன் மனைவி, யாரும் வரக் கூடாதென்று நான் ஒதுங்கியிருந்த அறைக்குள் நேராக வந்து, தலையைப் பிடித்துக்கொண்டு என் பாயிலேயே சரிந்தாள்.

"கண்ணத் தொறக்க முடியலக்கா" என்றாள்.