மஃரிபுக்குப் போட வேண்டிய குளிசை

பகலில் என் கால்கள் நல்ல பிள்ளைகள். அந்திப்பட்டால்தான் அவற்றுக்குப் பேய் பிடிக்கும். நோவில்லை, விறைப்பில்லை, வீக்கமில்லை. கெண்டைச் சதைக்குள்ளே ஏதோ ஊர்வதுபோல இருக்கும். காலை அசைத்தால் போகும், நிறுத்தினால் திரும்பி வரும். இப்படி ஒரு வருத்தத்தை ஆரிடம் சொல்வது? முப்பது வருடம் படிப்பித்த எனக்கே அதைச் சொல்லச் சரியான வசனம் கிடைக்கவில்லை.

முதலில் தந்த குளிசை சில வருடங்கள் கேட்டது. பிறகு அதுவே வருத்தத்தைக் கூட்டியது. கிளினிக்கில் டொக்டர் அதை நிறுத்திவிட்டு, கடுமையான நோவுக்குக் கொடுக்கிற வேறொரு குளிசையைக் குறைந்த அளவில் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"இது நேரத்துக்குப் போட வேண்டிய குளிசை. கால் தொடங்க முந்தி, அந்தியிலேயே போட்டிருங்க. படுக்கப் போகக்குள்ள போட்டா உங்களுக்கு நித்திரைய அதுவே கெடுக்கும். நோன்பு வருது, மஃரிபுக்கு நோன்பு துறந்த உடனே போடுங்க. சொன்ன அளவுக்கு மேல போடக் கூடாது."

தலையாட்டினேன். ஆனால் வெளியே வந்து மருந்துத் துண்டில் குளிசையின் பெயரைப் பார்த்ததும் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். எங்கள் கரையில் படகுகளில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிற சாமான் அது. கற்பிட்டிப் பக்கம் அந்தப் பெயரைச் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். போன மாதம்தான் எங்கள் பள்ளிவாசல் நிர்வாக சபை போதைக் குளிசைக்கு எதிராக ஒரு துண்டுப் பிரசுரம் அடித்து வீடு வீடாகக் கொடுத்திருந்தது. அதை எழுதியவன் நான். 'குடும்பங்களை அழிக்கும் நஞ்சு' என்று அந்தப் பெயரையும் போட்டு, கீழே கோடும் இழுத்திருந்தேன்.

நோன்பு தொடங்கியது. நான் பள்ளிவாசலில் முன்வரிசையில் இருந்து நோன்பு துறக்கிற ஆள். இடப்பக்கம் நிர்வாக சபைத் தலைவர், வலப்பக்கம் செயலாளர். அவர்களுக்கு நடுவே சட்டைப் பையிலிருந்து அந்தக் குளிசையை எடுப்பதா? இரவில் தராவீஹ் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, பத்து மணிக்குப் போட்டேன். ஆகவே தொழுகையில் கால் துடித்தது. கடைசி வரிசைக்குப் போய்க் கதவோரம் நின்று, முழங்கால் கோளாறு என்று சொல்லி வைத்தேன். குளிசை வேலை செய்யத் தொடங்கும்போது கால் அடங்கும், கண் விழித்துக்கொள்ளும். விடியமுந்திய ஸஹர் சாப்பாடு வரை கூரையைப் பார்த்துக் கிடப்பேன்.

"டொக்டர் மஃரிபுக்கெல்லா போடச் சொன்னார்?" என்பாள் மனைவி. எரிந்து விழுவேன். நித்திரை இல்லாதவனுக்குக் கோபம் மட்டும் குறைவில்லாமல் வரும்.

எங்கள் பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சியவர் கண்டக்குழியில் இருந்து வந்து இங்கே பெண் எடுத்தவர். மற்ற மாதங்களில் உப்பளத்தில் வேலை. நோன்பு வந்தால் பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு அடுப்பு மூட்டிவிடுவார். பின்னேரம் அஸருக்கு ஊரே வாளியும் சட்டியுமாக வரிசையில் நிற்கும். அவர் கஞ்சியில் இஞ்சி தூக்கலாக இருக்கும், அடிப்பிடித்த வாசம் ஒருநாளும் வந்ததில்லை. அந்த அகப்பையைப் பிடிப்பது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை. அது ஒரு மரியாதை. அவருடைய மாமனாரும் அதே பானைக்கு முன்னால் நின்றவர்.

பத்தாம் நோன்போ பதினோராம் நோன்போ, அவர் ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று, பையிலிருந்து ஒரு குளிசையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கியதைச் செயலாளர் கண்டுவிட்டார். கீழே விழுந்த குளிசைத் தாளில் பெயரை வாசித்தும்விட்டார். அடுத்தடுத்த நாட்களும் கவனித்தார்கள். ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே குளிசை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரைக் காரியாலய அறைக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாக சபைக்காரர் நாங்கள் ஐந்து பேர் கதிரைகளில் இருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கால் வருத்தம்" என்றார்.

"காலில நோவா?" என்று கேட்டார் தலைவர்.

"நோவெண்டு சொல்ல ஏலா. அந்திப்பட்டா கால ஒரு இடத்தில வெச்சிக்கிட்டு இருக்க ஏலாது. உள்ளுக்குள்ள என்னமோ ஊருற மாதிரி."

நான் தேடித் தேடிக் கிடைக்காத வசனத்தை அந்த மனிதர் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார்.

"நோவில்லாத வருத்தத்துக்கு நோவுக் குளிசையா?" என்று செயலாளர் சிரித்தார். "சரி, அத ஏன் நோன்பு துறந்த கையோட போடணும்? படுக்கப் போகக்குள்ள போட்டா என்ன?"

"அப்ப போட்டா நித்திரை வராது."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குளிசையைப் போட்டவன் சுருண்டு விழுவான் என்பதுதான் அவர்கள் அறிந்தது. கிளினிக் துண்டைக் கொண்டு வருகிறேன் என்றார் அவர். துண்டு இப்போது எங்கேயும் எடுக்கலாம் என்று பதில் வந்தது. பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க படிச்ச ஆள். இப்பிடி ஒரு வருத்தம் ஈக்குதா?"

கஞ்சிக்காரர் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. நெடுநேரம் கதிரையில் இருந்ததில் என் இடது கால் பகலிலேயே தொடங்கியிருந்தது. வலது பாதத்தால் அதை மிதித்துப் பிடித்தேன்.

"நான் கேள்விப்பட்டதில்ல" என்றேன்.

அன்றோடு அவர் பானையில் கை வைக்கக்கூடாது என்று முடிவானது. தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். சனி அஸருக்கு வேறொருவர் காய்ச்சிய கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

மனைவிக்கு விசயம் அயலில் இருந்து தெரியவந்தது. கஞ்சி வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அந்த மனுசன் சரியான நேரத்துக்குப் போட்டார். நீங்க ஒளிச்சுப் போட்டீங்க. பிடிபட்டது அவர். உங்களுக்கு வாய் இல்லையா?"

வாய் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இனி எதைத் திறப்பது? அந்த நோன்பு முடியும்வரை அவள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். நானும் பத்து மணிக்கே போட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தேன். அது எனக்குச் சரியான தண்டனை என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தண்டனையால் அவருக்கு ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை.

பெருநாளுக்குப் பிறகு கிளினிக்குக்குப் போனேன். வரிசைக்காகப் போட்டிருந்த வாங்கில் இருந்தபோது பின்னால் இருந்து குரல் வந்தது.

"சேர், இப்ப சரியா நித்திரை வருதா?"

திரும்பினேன். அவர்தான். கையில் என்னுடையதைப் போலவே ஒரு கிளினிக் கொப்பி.

"பிந்திப் போடாதீங்க சேர். மஃரிபுக்கே போட்டிருங்க. நானும் முந்தி படுக்கக்குள்ள போட்டுத்தான் கஷ்டப்பட்டன்."

"உங்களுக்கு... எப்ப தெரியும்?"

"நோன்புக்கு முந்தின கிளினிக்ல உங்களுக்கு ரெண்டாள் தள்ளி நிண்டன். பாமசில உங்கட கையில குளிசையத் தரக்குள்ள கண்டன். நீங்க என்னப் பாக்கல்ல. பொறகு தராவீஹ்ல நீங்க கதவோரம் நிண்டு கால ஆட்டக்குள்ள, பிந்தித்தான் போடுறீங்க எண்டு விளங்கிச்சு."

அன்று அந்த அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்" என்றார். "நீங்க இல்லையெண்டு சொன்னதுக்குப் பொறகு நான் வாய் திறந்தா, அத்தன பேருக்கு முன்னால உங்கள பொய்யனாக்கினதா முடியும். அது வேணாமெண்டு வந்திட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நம்பரைக் கூப்பிட்டார்கள், எழும்பிப் போனார்.

அடுத்த கூட்டத்தில் நான் பேசினேன். அதை நினைக்கத்தான் இன்னும் கூசுகிறது. உண்மையைச் சொல்லவென்றே போனேன், வழி நெடுக வசனங்களை அடுக்கிக்கொண்டு போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "பாவம், பிள்ளைகுட்டிக்காரன். ஒருக்கா மன்னிச்சு விடுவம்" என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சேருக்குப் பெரிய மனசு என்றார் தலைவர். நான் மறுக்கவில்லை.

இந்த வருடம் அவர் திரும்பவும் கஞ்சி காய்ச்சுகிறார். ஆள் திருந்திவிட்டான் என்று ஊர் சொல்கிறது. ஒருநாள் மஃரிப் பாங்கு சொல்லும்போது பள்ளியின் பின்பக்கமாகப் போனேன். அவர் விறகுக் குவியலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குளிசையை விழுங்கிக்கொண்டிருந்தார். நான் முழங்காலைச் சாட்டி இப்போது வீட்டில்தான் நோன்பு துறக்கிறேன். அவர் சொன்ன நேரத்துக்கே போடுகிறேன். கால் அடங்குகிறது. நன்றாக நித்திரையும் வருகிறது.