அரைக்கட்டை ஏறிப்போன தோடி

கடலூர் கோர்ட்டில் நான் ஸ்டெனோ. சாட்சி சொல்வதை ஒரு சொல் விடாமல் எடுக்கும் வேலை என்பதால் என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை இறக்கி வைத்தவள் என் நாத்தனார்.

என் கணவரின் தங்கை அவள். சிதம்பரத்தில் தன் வீட்டு மாடியறையில், பழைய இசைப்பதிவுகளைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடத் தயார் செய்து தருகிறாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்னக் கம்பெனி அவளிடம் ஒரு பதிவை ஒப்படைத்தது. புவனகிரியைச் சேர்ந்த, இப்போது உயிரோடு இல்லாத நாகஸ்வர வித்வான் ஒருவர் கோயில் திருவிழாவில் வாசித்த தோடி. முதலில் கேசட்டாக வந்தது. அதிலிருந்து சிடி போட்டார்கள். சிடியிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். இப்போது இசைத்தட்டாகவும் போட ஆசைப்பட்டார்கள்.

அந்தக் கேசட்டைக் கல்லூரி நாளிலிருந்து கேட்டு வந்தவள் நான். அதன் வேகம்தான் எனக்கு உயிர். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

திருவிழாவில் பதிவு செய்தவரின் வீட்டில் மூல ஸ்பூல் டேப் பத்திரமாக இருந்ததாம். அவள் அதைத் தேடி வாங்கி வந்திருந்தாள். மெஷினின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு ஓடவிட்டாள். ஸ்ருதி இறங்கிக் கேட்டது. வாசிப்பு மெதுவாக, எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. உன் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்றேன்.

அவள் மறுக்கவில்லை. தனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் வந்ததாகச் சொல்லி, கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினாள். திருவிழா மைக்கில் கரண்ட்டின் ரீங்காரமும் பதிவாகியிருந்தது. நம் ஊர்க் கரண்ட்டுக்கு அது நொடிக்கு ஐம்பது அதிர்வில் இருக்க வேண்டும். ஸ்பூலில் ஐம்பதை ஒட்டி இருந்தது. சிடியில் ஐம்பத்து மூன்று.

"கேசட்டுக்கு காப்பி எடுக்கறப்ப ஸ்பூல ஓட்டின மெஷின்தான் ஸ்பீடா ஓடியிருக்கு அண்ணி. நாம இத்தினி வருஷமா கேட்டது அவரு வாசிச்சது இல்ல."

எனக்குக் கோபமே வந்தது. அந்தக் காலத்துக் கரண்ட் ஒரே சீராக வந்ததா என்று கோர்ட் பாணியில் குறுக்குக் கேள்வி கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அது நியாயமான கேள்வி என்றாள். அதனால் இன்னொரு சாட்சி வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புவனகிரிக்குக் கிளம்பினாள்.

அங்கே வித்வானின் மகள் இருந்தார். கணக்கு டீச்சர், முகூர்த்த நாட்களில் வாசிக்கவும் போவார். அப்பா அன்று வாசித்த அதே நாகஸ்வரம் அவரிடம் இருந்தது. சீவாளியை நனைத்துப் பொருத்தி ஒரு ஸட்ஜம் பிடித்தார். அவரை நிறுத்திவிட்டு நாத்தனார் லேப்டாப்பில் சிடியைப் போட்டாள். ஸ்ருதி அரைக்கட்டை மேலே நின்றது. ஸ்பூலிலிருந்து எடுத்ததைப் போட்டாள். மகள் மறுபடி ஊதினார். எது டேப், எது நேரில் ஊதுவது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவர் நாகஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு முழு ஆலாபனையையும் கேட்டார்.

"கேசட்ல அப்பா எதுக்கோ அவசரப்படுறா மாதிரியே இருக்கும். எனக்குப் புடிக்காது. ஜாஸ்தி கேக்க மாட்டேன்," என்றார். "இதுதான் எங்கப்பா."

நான் அதற்கு மேல் வாதாடவில்லை.

ஆனால் கம்பெனி வாதாடியது. பழைய வேகத்தில் ஆலாபனை இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சரியாக அடங்கியது. சரியான வேகத்தில் ஒரு நிமிஷத்துக்கு மேல் நீண்டது. ஒரு பக்கத்தில் நேரம் கூடினால் தட்டில் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலி கம்மியாகும். கேட்பவர்களுக்குப் பழகிய வேகம்தானே, அப்படியே விடலாமே என்றார்கள். கொஞ்சம் வெட்டலாம் என்றும் சொன்னார்கள். ஒலி கம்மியானால் கேட்பவர் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம், வெட்டினதை யாரும் ஒட்ட முடியாது என்று நாத்தனார் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அவள் சொன்னபடியே தட்டு வந்தது. சிடியையும் இணையத்தில் இருந்ததையும்கூட மாற்றிவிட்டார்கள்.

டேப்பின் இரைச்சலையும் அவள் முழுக்க எடுக்காமல் ஓரளவு விட்டிருந்தாள். சிடியில் அதை ஒட்டத் துடைத்தபோது தவிலில் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கமும் சேர்ந்து போயிருந்தது. இப்போது அது அடிவயிற்றில் கேட்கிறது.

வித்வானின் வேகத்தைக் கெடுத்துவிட்டதாகச் சிலர் எழுதினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் காதிலிருந்து பழைய கேசட் போகவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. காலையில் கோர்ட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் இப்போது அந்தத் தோடியைக் கேட்கிறேன். அவர் காந்தாரத்தில் நிற்கும்போது, அடுத்து எங்கே போகப் போகிறார் என்று நினைத்துப் பார்க்க எனக்கும் நேரம் கிடைக்கிறது.