லிங்கம்மாளின் எச்சிலும் சோலாப்பூர்ப் பேத்தியும்

பாளையம்பட்டியில் எங்கள் தெருவுக்கு இட்லி மாவு லிங்கம்மாள் வீட்டிலிருந்துதான். அறுபத்து மூன்று வயது. மாவை ஊற்றிக்கொண்டே நம் வீட்டுச் சங்கதி முழுவதையும் கறந்துவிடுவாள். காணாமல் போன தன் அண்ணன் திம்மையாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எங்கண்ணே எங்கயாச்சும் நல்லாருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

நாங்கள் நெசவுக்காரர்கள். வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. இங்கே தமிழில் சொல்கிறேன். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாக நாலு வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்போம். 1979இல் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் பேசினார்கள். மாமன் மகன் வீரபத்திரனுக்கு லிங்கம்மாள். அவன் தங்கை சுபத்ராவுக்குத் திம்மையா.

"கூடப் பொறந்த பிள்ளையாட்டம் வளந்தவள எப்படிக் கட்டுவேன்?" என்று திம்மையா எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. முகூர்த்தத்தன்று காலையில் ஆளைக் காணோம். லிங்கம்மாள் கழுத்தில் மட்டும் தாலி ஏறியது. ஒரு வருஷம் அண்ணன் பெயரைக் கேட்டாலே எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை ஏக்கம்தான். அவனுக்கு எடுத்த பட்டு வேட்டி, அவள் வாழ்க்கைப்பட்ட அந்த மாமன் வீட்டுப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

போன தீபாவளிக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகன் சௌந்தர் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தான். அதிலிருக்கும் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், நம் ரத்த உறவு எங்கே இருந்தாலும் பெயரோடு காட்டுமாம். வெற்றிலைச் சாறோடு துப்பிவிட்டாள். செல்லாது என்று பதில் வந்தது. மறுமுறை ஒரு நாள் முழுக்க வெற்றிலை போடாமல் இருந்து துப்பினாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய விரதம்.

இரண்டு மாதம் கழித்துச் சௌந்தரின் போனுக்குப் பட்டியல் வந்தது. முதல் பெயர் தேவிபிரியா, சோலாப்பூர், வயது இருபது. நெருங்கிய ரத்த உறவு, உடன்பிறந்தவரின் பேத்தியாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. போனில் பேசினார்கள். அந்தப் பெண்ணும் தெலுங்குதான் பேசினாள். தன் தாத்தா தெற்கேயிருந்து வந்தவர், ஊர்ப் பெயரைச் சொன்னதே இல்லை, இறந்து எட்டு வருஷமாகிறது என்றாள். அண்ணன் போனதற்கு அழுவதா, பேத்தி கிடைத்ததற்குச் சிரிப்பதா என்று தெரியாமல் லிங்கம்மாள் இரண்டையும் செய்தாள். அன்றைக்குத் தெருவுக்கே மாவு இலவசம்.

மறு மாதம் அதே பட்டியலில் எங்கள் தெரு நவநீதகிருஷ்ணனும் ஏறினான். அவனும் எங்கேயோ துப்பியிருக்கிறான். அவனுக்கும் அதே நெருங்கிய உறவு என்று போட்டிருந்தது. எங்கள் ஆள்தான் என்றாலும், அவன் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலும் இந்த வீட்டோடு நேர் உறவு கிடையாது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு லேப்பில் இருபது வருஷம் ரத்தம் எடுத்தவன். சங்கதி எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே பெண் எடுப்பவர்களுக்காகப் போட்ட கணக்கு அது. சுற்றிச் சுற்றி ஒரே ரத்தத்துக்குள் கட்டிக்கொண்ட எங்களிடம், தூரத்து உறவெல்லாம் அதற்குப் பக்கத்து உறவாகத் தெரிகிறது. எந்தப் பழக்கத்துக்குப் பயந்து திம்மையா ஓடினானோ, அந்தப் பழக்கமே இன்று அவனைத் தேடவும் விடவில்லை. 

சோலாப்பூரில் இறந்தவர் திம்மையாதானா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தேவிபிரியாவின் அப்பா ஒரு நல்ல லேப்பில் ரத்தம் கொடுக்க வேண்டும். "எங்கப்பா வாயத் தொறந்து சொல்லாதத எனக்கு யாரும் சொல்ல வேணாம்" என்று அவர் மறுத்துவிட்டார். மறுநாள் அந்தப் பெண்ணின் பெயரும் பட்டியலில் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம்தான், ஆனாலும் தப்புச் சொல்ல முடியவில்லை.

நேற்று நான் மாவு வாங்கப் போனபோது சௌந்தர் பெங்களூரிலிருந்து ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, அந்த எச்சில் கம்பெனிய வேற எவனுக்கோ விக்கிறாகளாம். ஒன் ரத்த விவரம்னா அதுல நானும் எம் பிள்ளைகளும் சேத்திதான். எவன் கைக்குப் போகுமோ. அழிச்சிரட்டுமா?"

"தம்பி சொல்றது சரிதான்க்கா" என்றேன் நானும்.

லிங்கம்மாள் கரண்டியை மாவுக்குள்ளேயே விட்டுவிட்டாள். "அந்தப் பிள்ளையும் அழிச்சிட்டுப் போயிருச்சு. நானும் அழிச்சிட்டா, நாளைக்கு எங்கண்ணே தேடி வந்தா அங்க யாருடா இருப்பா? ஏம் பேரு இருக்கட்டும். பேருக்குப் பக்கத்துல தெருவும் கதவு நம்பரும் போட்டு விடு."

 "பழைய நம்பரா, புது நம்பராம்மா?" என்றான் சௌந்தர்.

"பழசப் போடு. அதுக்குத் தெரிஞ்சது அதுதான."