பக்கிங் தொட்டியும் இசக்கிமுத்துவின் வலது கையும்

இசக்கிமுத்துவின் வலது கையில் எரிச்சல் நின்றுபோனது. எரிச்சல் இருந்தால் மருந்து போடலாம். நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும். அவரோ குணமாகிவிட்டதென்று சந்தோஷப்பட்டார்.

நல்லூர் பக்கம் ஒரு பிளீச்சிங் பட்டறையில் பனியன் துணியைக் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் ஊறப்போடுவது அவர் வேலை. தொட்டிச் சுவரில் முதலாளி ஆத்தப்பன் ‘பக்கிங்’ என்று பெயின்டில் எழுதியிருந்தார். வேறெந்தப் பட்டறையிலும் அந்தப் பெயர் கிடையாது.

“காலேஜ்ல படிச்சதுங்க. பழைய இங்கிலீசு. சாம்பல் கரைச்ச காரத்தண்ணியில துணி ஊறப்போடறதுன்னு அர்த்தம். பீச்சுன்னு ஒரு மரம், அதோட சாம்பல்ல இருந்து வந்த பேருன்னு சில பேர் சொல்றாங்க, சரியாத் தெரியலீங்க. அப்புறம் அந்தத் தண்ணிக்கும் அதே பேரு, ஊறுற துணிக்கும் அதே பேரு.”

“ஊறப்போடுத ஆளுக்கு?” என்று கேட்டார் இசக்கிமுத்து.

“உங்களையும் சேர்த்துக்கலாமுங்க” என்று சிரித்தார் ஆத்தப்பன். அன்றிலிருந்து இசக்கிமுத்து பக்கிங் அண்ணாச்சி.

காரத்தின் அளவை அவர் விரலால்தான் பார்ப்பார். தண்ணீரைத் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தால் விளக்கெண்ணெய்போல் வழுக்க வேண்டும். உடனே பக்கத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொள்வார். முதலாளி வாங்கித் தந்த ரப்பர் கையுறை ஆணியில் தொங்கியது.

ஒருநாள் காலையில் மனைவி சீனியம்மாள் கொதிக்கும் காப்பியை டம்ளரில் ஊற்றி வைத்தாள். அவர் அதை வலது உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு கதை பேசினார்.

“சுடலியா உமக்கு?”

“என்ன சுடுது?”

அவள் சேலைத் தலைப்பில் இருந்த ஊக்கை எடுத்து அவர் விரல் நுனியில் குத்தினாள். ரத்தம் வந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு வாரும். இந்தக் கை போயிட்டுன்னா என்ன பண்ணப் போறீரு?”

“சும்மா கெட. ஞாயித்துக்கிழமை பாப்போம்.”

அது 2005. வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் துணி அனுப்பலாம் என்றிருந்த கோட்டா முடிந்து, வெளிநாட்டு ஆர்டர் குவிந்த நேரம். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை ஓடியது.

அன்று தொட்டியில் விரல் விட்டுத் தேய்த்தார். வழுக்கவில்லை. காரம் போதவில்லையென்று இன்னும் காஸ்டிக் கொட்டினார். மறுபடி தேய்த்தார். வழுக்கவில்லை. மேலே நிற்பது வெறும் தண்ணீராக இருக்கும் என்று மணிக்கட்டுவரை விட்டுத் துழாவினார், வெகுநேரம்.

“அண்ணா, கையப் பாருங்க!” என்று கத்தினான் பக்கத்து மெஷின் கன்னையன்.

தோல் வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலாய்ச் சுருண்டிருந்தது. இசக்கிமுத்து அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். கன்னையன் அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கட்டு பிரித்த பிறகு பட்டறைக்கு ஒருமுறை போனார். தொட்டியருகே கன்னையன். ரப்பர் உறை அதே ஆணியில்.

“அந்த உறையப் போடுல கன்னையா.”

“போட்டா வழுக்கறது தெரியமாட்டீங்குதுங்க அண்ணா.” கன்னையன் விரலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். “முன்னெல்லாம் எரியும். இப்பப் பழகிருச்சுங்க.”