கூப்பிட்டதும் ஓடி வந்த வீரன்

கல்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு வந்ததும் ஒரு நாய் வளர்க்கத் தொடங்கினோம். வீரன் என்று பெயர். தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. டீக்கடைப் பொறை ரொட்டியைத் துண்டு துண்டாகக் கொடுத்து, "வீரா, வா" என்று பழக்கினேன். பிறகு குரல் கேட்டாலே பறந்து வந்தது.

போன மாதம் செங்கல்பட்டிலிருந்து வந்த என் மைத்துனரை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். சாலைக்கு எதிர்ப்புறம் வீரன் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது.

"இன்னா மச்சான், கூப்டா வரும்னியே, எங்க, கூப்டு பாக்கலாம்" என்றார் அவர்.

என் கையில் பொறை இல்லை. இருந்தாலும் பெருமைக்கு ஆசைப்பட்டு, மூடிய கையை நீட்டி, "வீரா, வா!" என்றேன். சாலையைப் பார்க்கவில்லை.

வீரன் பாய்ந்து வந்தது. பஸ் கிறீச்சிட்டு அதன் வாலருகே நின்றது.

"யோவ், அது வாயில்லா ஜீவன். உனக்கு இன்னா கேடு? பஸ் வர்றது தெரில?" என்று டிரைவர் கத்தினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. வீரனோ ஒன்றும் அறியாமல் என் காலடியில் உட்கார்ந்து, மூடியிருந்த கையை நக்கியது. வெறுங்கையைத் திறக்கக் கூசிப்போனேன்.

இப்போது நடுவில் சாலை இருந்தால் வீரனைக் கூப்பிடுவதில்லை. நானே கடந்து போய், பொறையைக் கொடுத்து, கழுத்துப்பட்டையைப் பிடித்து அழைத்து வருகிறேன்.