அப்பாவு காட்டிய ராஜநடை

ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அப்பாவு. பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால், இருப்பதிலேயே நல்ல பீஸைத் துடைத்து முன்வரிசையில் வைத்துவிட வேண்டும். சர்வீஸ் முழுக்க இதையே செய்து பழகிய மனிதர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகாவது அந்தப் புத்தி போயிருக்கலாம், போகவில்லை.

நசரத்பேட்டை தாண்டி இருக்கிற பிசியோதெரபி கல்லூரியில் அவருக்கு நடை பழக்கியவள் இறுதியாண்டு மாணவி ஸ்வாதி. தங்கமான பெண். வாய்தான் எழும்பாது. போன முறை மார்க் போடும் நாளில் அவள் நடக்கவைத்த நோயாளி தடுமாறி விழ, ஸ்வாதி ஃபெயில். இந்த முறையும் கோட்டை விட்டால் ஆறு மாதம் மறுபடி. ஒருநாள் கண்கலங்கி அவளே சொல்லிவிட்டாள். கேட்டதிலிருந்து அப்பாவுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாள் வந்தது. மார்க் போடும் எழிலரசி மேடம் ஓரமாக நிற்க, ஸ்வாதி அப்பாவுவின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டாள். அந்த பெல்ட் என்றாலே அவருக்கு ஆகாது. கன்றுக்குட்டியை ஓட்டிப்போகிற மாதிரி இருக்கிறதாம்.

"மெதுவா அங்கிள். ஸ்டிக்க விடாதீங்க."

"நீ சும்மா பாரு கண்ணு."

இன்றைக்கு முன்வரிசை பீஸ் நான்தான் என்று முடிவு கட்டியிருந்தார். ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். ராஜநடைதான். மேடம் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு. திரும்பியபோது இடது முழங்கால் மடங்கிவிட்டது.

விழவில்லை. பெல்ட்டைப் பிடித்திருந்த கை அவரை அப்படியே தாங்கி நாற்காலியில் உட்காரவைத்தது.

"போதும். இன்னிக்கு நடை இவ்வளவுதான்," என்றாள் ஸ்வாதி. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்பாவுவுக்கு அழுகை வந்துவிட்டது. "மேடம், தப்பு என்னுது. நா நல்லா நடந்து காட்னா பொண்ணுக்கு மார்க் வுழும்னு பாத்தேன். கெடுத்துட்டேனே!"

"உங்க நடைக்கு இங்க மார்க்கே கிடையாதுங்கய்யா," என்றார் எழிலரசி. "அவ கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க ஸ்டிக்க விட்டதுமே இறுக்கிப் பிடிச்சிட்டா. ஸ்வாதி பாஸ்."

அடுத்த வாரம் ஸ்வாதி வேறு வார்டுக்குப் போய்விட்டாள். அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. புதிதாக வந்த மாணவன் ரோஹித்திடம் பெல்ட்டைத் தானே எடுத்து நீட்டினார்.

"கெட்டியா புட்ச்சிக்கோ நைனா. நா எப்ப இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."