அவள் பெயரில் நுழைந்தவன்

பூச்சோன் நகரின் கடைத்தெருவில் மா கியங்கோக்கின் கணினிக் கடைக்கும் என் பழைய புத்தகக் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். வாடிக்கையாளர்களை அவள் வறுத்தெடுப்பது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

"இதை எதுக்கு அழுத்தினீங்க?"

"அழுத்தச் சொல்லுச்சு, அழுத்தினேன்."

"குதிக்கச் சொன்னா குதிப்பீங்களா?"

"பேங்க்ல சொன்னா குதிச்சுத்தானே ஆகணும், அக்கா?"

மீன்கடைக்காரன் சொன்ன இந்தப் பதிலுக்கு அவளால் சிரிக்கத்தான் முடிந்தது. எங்கள் ஊரில் வங்கிப் பக்கத்தைத் திறந்தால் போதும், முதலில் விசைப்பலகைக்கு ஒரு காவலனை, அதாவது ஒரு காவல் நிரலை, நிறுவு என்னும். அப்புறம் இணையத்துக்கு ஒருவன். அந்த இருவரையும் கண்காணிக்க மூன்றாவது ஒருவன். எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்தினால்தான் சொந்தக் கணக்கையே பார்க்க முடியும். ஒரு நாட்டையே யோசிக்காமல் 'சரி' சொல்லப் பழக்கிவிட்டார்கள். பிறகு ஒரு திருடன் அதே மாதிரி 'சரி' கேட்கும் ஒரு சன்னலைத் திரைக்கு அனுப்புகிறான். ஜனங்கள் பழக்கதோஷத்தில் 'சரி' என்கிறார்கள். உடனே பழக்கியவர்கள் கைகழுவுகிறார்கள்: உங்கள் கவனக்குறைவு.

கியங்கோக் முன்பு அந்தப் பழக்கும் வேலையைத்தான் பார்த்தாள். காவல் நிரல் செய்யும் ஒரு நிறுவனத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை. "எந்தச் சன்னல் வந்தாலும் சரின்னு குடுங்க" என்று காதில் கருவியை மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் ஒருவர் அழைத்தார். பொய்ச் சன்னலுக்குச் சரி கொடுத்து எல்லாவற்றையும் இழந்தவர். அவர் கத்தவில்லை. "நீங்கதானேம்மா சொல்லிக் குடுத்தீங்க" என்று மட்டும் கேட்டார். மேலாளரிடம் போய் இந்த வாசகத்தை மாற்ற வேண்டும் என்றாள். வாசகம் சரியாகத்தான் இருக்கிறது என்றார் அவர். அந்த மாதமே வெளியே வந்து, எங்கள் வரிசையில் கடை போட்டாள். மாடியிலேயே குடியிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "எனக்கு எதையும் யோசிக்காம சரின்னு சொல்ல வராது" என்பாள்.

கறிக்கடைக்காரரின் மனைவி ஒருமுறை தன் கணினியைக் கொண்டுவந்தாள். திரையின் நெற்றியில், பேயோட்டுபவளிடம் வாங்கிய மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. சிவப்பு மையில் மந்திரம். வைரஸ் அண்டாமலிருக்க.

நான் வாயைத் திறப்பதற்குள் கியங்கோக் கை காட்டினாள். "புத்தகக்காரரே, பிரசங்கம் வேண்டாம்." தாளைக் கிழிக்காமல் உரித்து, திரையைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் ஒட்டினாள். "உள்ள இருக்கிற காவல்காரங்க எவ்வளவு வேலை செய்யறாங்களோ, இதுவும் அவ்வளவுதான் செய்யும். ஆனா இது கம்ப்யூட்டரை மெதுவாக்கல. இருந்துட்டுப் போகட்டும்."

அவளுடைய நாக்கு இப்படித்தான். அந்த நாக்கு அடங்கிப்போனதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரம். தெரு முழுக்க முட்டைக்கோஸ் குவியல், உப்புத் தண்ணீர், மிளகாய்ப் பொடி நெடி. அதற்கு நடுவில் இன்சுக் ஒரு தள்ளுவண்டியில் கணினியைக் கயிறு போட்டுக் கட்டி இழுத்து வந்தாள்.

இன்சுக் காலுறை மடித்துக் கட்டும் பட்டறையில் வேலை செய்தாள். அந்த வசந்தகாலத்தில்தான் பின்சந்தில் ஒரு வீட்டின் பாதி நிலத்தடி அறைக்கு மகளோடு குடிவந்திருந்தாள். ஏன் வந்தாள் என்பது தெருவுக்குத் தெரியும். அவள் கை எலும்பு ஒன்று கோணலாகக் கூடியிருந்தது. புருஷனுக்குத் தெரியாத ஊர் என்றுதான் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அவனுக்குத் தெரியாமலிருக்கும்வரைதான் அவளும் பிள்ளையும் உயிரோடிருக்க முடியும். அதை மிகையாகச் சொல்லவில்லை. விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவனே முன்பு சொன்னது அது.

"அக்கா, இணையத்துல நான்தான்னு காட்டுற மின்சான்றிதழ் வேலை செய்யல. பிள்ளையோட பள்ளிக்கூடத்துக்குக் குடும்பப் பதிவு நகல் எடுக்கணும். எத்தனை தடவை போட்டாலும் செல்லாதுங்குது. வைரஸா?"

"வச்சிட்டுப் போ. காவல்காரங்க ஒருத்தனுக்கொருத்தன் அடிச்சிக்கிட்டிருப்பானுங்க."

"இருக்கேன் அக்கா. அவசரம்."

கியங்கோக் பழைய நிரல்களைக் களைந்தாள். திரும்பப் போட்டாள். பலகைத் தடுப்பின் இந்தப் பக்கம் நான் புத்தகங்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய வழக்கமான முணுமுணுப்பு திடீரென்று நின்றது.

"இன்சுக், இது கம்ப்யூட்டர் கோளாறு இல்ல. உன் சான்றிதழைப் புதுப்பிச்சிருக்காங்க. புதுசு எடுத்தா பழசு தானா செத்துப்போகும். நீ எடுத்தியா?"

"இல்லையே. எப்படி எடுக்க முடியும்? இதோ, எங்கிட்டதானே இருக்கு."

நான் எட்டிப்பார்த்தேன். இன்சுக் சட்டைக்குள்ளிருந்து ஒரு பட்டுப் பையை எடுத்துப் பிரித்தாள். அதில் கையெழுத்துக்குப் பதில் குத்தும் அவளுடைய பெயர் முத்திரையும், அதன் பக்கத்தில் சான்றிதழ் இருக்கும் சுண்டுவிரல் அளவு பென் டிரைவும் இருந்தன.

"போன வருஷம் யாரு புதுப்பிச்சது?"

"அவர்தான். வருஷா வருஷம் அவர்தான் செய்வார். எனக்கு, மாமியாருக்கு, எல்லாருக்கும்."

"பாஸ்வேர்ட்?"

"அவர் வச்சதுதான். எல்லாருக்கும் ஒண்ணே."

தெருவில் யாரோ முட்டைக்கோஸை வெட்டும் சத்தம்.

எங்களில் யாராயிருந்தாலும் அந்தத் தப்பைச் செய்திருப்போம். பெயர் முத்திரையை மடியில் வைத்து வளர்ந்த ஜனங்கள் நாங்கள். மரத்தில் செதுக்கிய பெயர், உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது என்னிடம் இருந்தால் வேறெவனிடமும் இல்லை. சொத்து, கல்யாணம், விவாகரத்து எல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. இன்சுக் இரவோடு இரவாக வீட்டைவிட்டுக் கிளம்பியபோது முத்திரையையும் பென் டிரைவையும் ஒரே பையில் போட்டு மார்போடு கட்டிக்கொண்டாள். தன்னைத் தானே எடுத்துவந்துவிட்டதாக நம்பினாள். ஆனால் சான்றிதழ் முத்திரை இல்லை. நகல் எடுத்தால் இரண்டுமே அசல். இன்னொரு இன்சுக் புருஷனின் மேசை இழுப்பறையில் இருந்தாள்.

"அவர் பார்க்க முடியாது அக்கா," என்றாள் இன்சுக். குரல் உயர்ந்தது. "குடிவந்தப்பவே வட்டார அலுவலகத்துல எழுதிக் குடுத்தேன். என் விலாசத்தை அவருக்குக் காட்டக்கூடாதுன்னு தடை போட்டாச்சு."

கியங்கோக் அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒலியைக் கூட்டி வைத்தாள். எழுத்தர் பெண்ணின் குரல் மரியாதையாக, இதமாக இருந்தது. இன்சுக்கின் எண்களைக் கேட்டுச் சரிபார்த்தாள்.

"தடை அப்படியேதான் இருக்கு, அம்மா. உங்க கணவர் கேட்டாலும் நாங்க குடுக்க மாட்டோம். அவர் கேட்கவும் இல்ல."

"வேற யாராவது எடுத்தாங்களா?" என்றாள் கியங்கோக்.

"போன வாரம் விலாசத்தோட ஒரு பதிவு நகல் போயிருக்கு. ஆனா அது பிரச்சினை இல்லைங்க. அவங்களேதான் இணையத்துல எடுத்திருக்காங்க."

"அவங்க எடுக்கல. புருஷன் அவங்க சான்றிதழை வச்சு எடுத்திருக்கான்."

"சான்றிதழோட வந்தா அது அவங்கதானே, அம்மா?"

எத்தனையோ சர்வாதிகாரிகளின் வரலாற்றைப் படித்திருக்கிறேன். இந்த இதமான வாக்கியத்தைப் போல ஒன்று என்னைக் குலைத்ததில்லை. உடைந்து கூடிய கையோடு ஒரு பெண் எதிரே உட்கார்ந்து நான்தான் இன்சுக் என்கிறாள். அரசாங்கம் அவளை நம்பவில்லை, இழுப்பறையில் இருக்கும் சில எழுத்துக்களை நம்புகிறது. கொடுமைக்காரனுக்குக் கதவை அடைத்ததாகப் பெருமை வேறு. அவன் கதவையே தட்டவில்லை. மனைவியாகவே நடந்து உள்ளே போய்விட்டான்.

"குழந்தை எங்க?" என்றாள் கியங்கோக்.

இன்சுக்குக்கு அப்போதுதான் உறைத்தது. "டேக்வாண்டோ வகுப்புல. வேன் வீட்டு வாசல்ல கொண்டுவந்து இறக்கும்."

அவள் எண்ணைச் சொல்ல, நான் தடுப்பைச் சுற்றி வந்து அழுத்தினேன். ஆசிரியர் உற்சாகமாகப் பேசினார்.

"ஓ, சேபியோலோட அம்மாவா! உங்க வீட்டுக்காரர் காலைல கூப்பிட்டார். உங்க பேங்க் கணக்குல பீஸ் கட்டினதைப் பார்த்து எங்களைக் கண்டுபிடிச்சாராம். ரொம்பத் தன்மையான மனுஷன். வேன் எப்ப வரும்னு கேட்டார். பிள்ளைக்குத் தெரியாம கேக் வாங்கிட்டு நிக்கப்போறாராம். நான் அவகிட்ட மூச்சுகூட விடல!"

"குழந்தையை வேன்ல ஏத்தாதீங்க," என்றாள் கியங்கோக். "நான் வர்றேன். அதுவரைக்கும் அவங்க அப்பாவே வந்தாலும் அனுப்பாதீங்க. அப்பா வந்தா முக்கியமா அனுப்பாதீங்க." ஸ்கூட்டர் சாவியை எடுத்தபடி என் பக்கம் திரும்பினாள். "புத்தகக்காரரே, இவளை உள்ள வச்சு ஷட்டரை இறக்கிட்டு, இவ வீட்டுச் சந்துல போய் நின்னு பாருங்க. வாயைத் திறக்காதீங்க. உங்களால முடிஞ்சா."

போனேன். அவன் நின்றுகொண்டிருந்தான். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. சாம்பல் நிறக் கோட்டு, படிய வாரிய தலை, கையில் ரிப்பன் கட்டிய கேக் பெட்டி. என் கடைக்கு வந்திருந்தால் நல்ல வாசகர் என்று நினைத்து நாற்காலி போட்டிருப்பேன்.

வேன் வந்தது. வேறு வீட்டுப் பையன் ஒருவன் இறங்கினான். கோட்டுக்காரன் ஓட்டுநரிடம் ஏதோ கேட்டான். ஓட்டுநர் கை விரித்தார். அவன் சிரித்துத் தலை வணங்கினான். வேன் போனதும் சிரிப்பு போய்விட்டது. தரையோடு தரையாக இருக்கும் இன்சுக்கின் சன்னல் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரு கைகளையும் கண்ணுக்குக் குடை பிடித்து, உள்ளே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்த வீட்டின் மாடிக்காரி முட்டைக்கோஸ் கையோடு இறங்கி வந்தாள். தள்ளுவண்டி இரவல் கொடுத்தவள் அவள்தான். இருவரும் பேசினார்கள். அவள் மிளகாய் படிந்த கையை எங்கள் கடை வரிசைப் பக்கம் நீட்டினாள்.

நான் குறுக்குச் சந்தில் அவனுக்கு முன்னால் கடைக்கு ஓடினேன். இறங்கிக் கிடந்த ஷட்டரைப் பார்த்து அவன் திரும்பிப் போனான்.

கியங்கோக் பிள்ளையோடு திரும்பியதும் போலீசுக்குச் சொன்னோம். வந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். "இன்னைக்கு அடிச்சாரா? மிரட்டினாரா?"

"கேக் வாங்கிட்டு வந்தான்," என்றாள் கியங்கோக்.

"கேக் வாங்கிட்டு வந்தது குற்றம் இல்லைங்களே." எழுதிக்கொண்டு போனார்.

இன்சுக்கையும் பிள்ளையையும் ஏற்றிப்போக, இருட்டுவதற்குள் பெண்கள் காப்பகத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கியங்கோக் கணினியிலிருந்த பிள்ளையின் படங்களை மட்டும் வேறொரு பென் டிரைவில் ஏற்றி இன்சுக்கிடம் கொடுத்தாள்.

"மத்தது என்ன இருக்கு?"

"தங்கச்சிகிட்ட பேசினது எல்லாம். அவ வீட்டு விலாசம். காப்பகத்து அக்காகிட்ட முன்னாடி பேசினது." இன்சுக் வண்டிக்குள்ளிருந்து கியங்கோக்கின் கையை விடவில்லை. "அது அவர் கைக்குப் போகக்கூடாது, அக்கா."

"போகாது."

சான்றிதழை ரத்து செய்ய நேரில்தான் வரவேண்டும் என்றது வங்கி, அதுவும் மறுநாள் காலையில். ஆக அந்த இரவு முழுவதும் அவன்தான் இன்சுக். அவள் பெயரில் எந்தக் கதவை வேண்டுமானாலும் திறக்கலாம், நாடு முழுவதும் அவனுக்குச் 'சரி' சொல்லும். விடிந்து, வேறொரு ஊரின் கிளையில், இன்சுக் தன் முகத்தைக் காட்டி அவனுக்குள்ளிருந்த தன்னைச் சாகடித்தாள். கியங்கோக்குக்குத் தகவல் வந்தது. அவள் பெருமூச்சு விட்ட சத்தம் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அன்று மத்தியானம் அவன் வந்தான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோவது போல ஒரு பெட்டி பானங்களோடு. இரு கையாலும் நீட்டியதைத் தடுப்பின்மேல் எட்டிப் பார்த்தேன்.

"என் மனைவியோட கம்ப்யூட்டர் இங்க இருக்குன்னு சொன்னாங்க. சிரமம் குடுத்துட்டா. எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"குடுத்தவங்க வந்தாத்தான் குடுப்பேன்."

"நாங்க ஒரே குடும்பம். அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. எப்பவும் நான்தான் பார்த்துக்குவேன்."

"தெரியும். நல்லாவே பார்த்துக்கிட்டீங்க."

அவன் முகம் மாறவில்லை. "நான் எந்தத் தப்பும் செய்யல, அம்மா. எங்க வேணும்னாலும் விசாரிச்சுப் பாருங்க. எல்லாம் அவளே எடுத்ததாத்தான் இருக்கும்."

"அப்போ அவளையே வரச் சொல்லுங்க."

"சரி. காத்திருக்கேன்." வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டை மடிமேல் மடித்து வைத்துக்கொண்டான்.

கியங்கோக் மேசைமேல் பிரித்துக் கிடந்த இன்சுக்கின் கணினியிலிருந்து, எல்லாம் பதிந்திருக்கும் வட்டைக் கழற்றினாள். அதைப் பிடிகருவியில் இறுக்கினாள். துளைக்கருவியை எடுத்து மின்சாரத்தில் செருகினாள். அது எழுப்பிய அலறல் கேட்டுத்தான் நான் ஓடிப்போனேன். வெள்ளித் துகள்கள் மேசைமேல் தெறித்துக்கொண்டிருந்தன. ஒரு துளை. இன்னொன்று. அவன் எழுந்து நின்றிருந்தான்.

"அதுல என் பொண்ணோட படங்கள் இருக்கு."

"இருந்துச்சு."

முதல் தடவையாக அவன் கண்ணில் அதைப் பார்த்தேன், இன்சுக்கின் கையை உடைத்தது எதுவோ அதை. ஒரு கணம்தான். வாசலில் நான். எனக்குப் பின்னால் கறிக்கடைக்காரர், கையில் கத்தியோடு, வேலைக்கு நடுவில் வந்தவர். மீன்கடைக்காரனும் வந்து நின்றான். இன்சுக்கின் புருஷன் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லக் கோட்டை அணிந்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். போகத் திரும்பியவன், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வியாபாரப் பதிவுச் சான்றின் முன் நின்றான். எங்கள் எல்லாக் கடைகளிலும் மாட்டியிருப்பதுதான். நிதானமாக வாய்விட்டுப் படித்தான்.

"மா கியங்கோக். பிறந்த தேதி. விலாசம்." செல்பேசியை எடுத்து அதைப் படம் பிடித்தான். "கடையும் வீடும் ஒரே விலாசமா, அம்மா? தனியாவா இருக்கீங்க?"

துளைக்கருவி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கியங்கோக் அதை நிறுத்தவில்லை.

"ஆமா," என்றாள். "மேல் மாடி. உங்க பேர்லயே வாங்க."